நான்கு கார்பன் சுருள்கள்

அந்தத் தொழிற்சாலையில் எனக்கு இருந்த உண்மையான அதிகாரம் ஒன்றே ஒன்று. ஒரு மூலப்பொருளைப் பார்த்து 'இது ஆகாது' என்று நான் சொல்லலாம். சொல்லிவிட்டால் அதன்மேல் சிவப்பு அட்டை கட்டப்படும். நான் எழுதிக் கொடுக்காமல் அந்த அட்டையை யாரும் அவிழ்க்கக் கூடாது, ஆலைத் தலைவரே ஆனாலும். அந்த விதியை எழுதியதே ஆலைத் தலைவன்தான். அவன் என் நண்பன்.

கல்லூரியில் ஒரே வகுப்பு, பிறகு பெங்களூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருடம். அவன் தச்சநல்லூர்க்காரன், அரிசி வியாபாரக் குடும்பம். நான் பாளையங்கோட்டை. அப்பா, அம்மா இருவரும் மிஷன் பள்ளியில் ஆசிரியர்கள். பயணிகள் விமானத்தின் இறக்கை ஓரத்தில் பொருத்தும் மூடுபலகைகளைச் செய்ய, திருநெல்வேலிக்கு வெளியே நான்குவழிச் சாலையை ஒட்டி ஓர் ஆலை வந்தது. அதை நடத்த அவனைக் கூப்பிட்டார்கள். அவன் என்னைக் கூப்பிட்டான். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள், தன் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச ஒருவன் வேண்டும் என்றான். அப்பா இறந்து அம்மா தனியாக இருந்த நேரம். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

எங்கள் மூலப்பொருள் கார்பன் இழைத் துணி. பிசின் ஏற்றி, பாய்போலச் சுருட்டி வரும். வெளிச்சூட்டில் வைத்தால் பிசின் மெல்ல முற்றிவிடும் என்பதால் உறைகுளிரில் வைத்திருப்போம். வெட்டுவதற்கு வெளியே எடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தச் சுருளின் ஆயுளில் கழியும். ஆயுள் முடிந்த துணியை அடுக்கி, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய அழுத்த உலையில் வேகவைத்தாலும் பலகை பளபளவென்றுதான் வரும். உள்ளே அடுக்குகள் சரியாகச் சேர்ந்திருக்காது. வெளியே இருந்து பார்க்கிற யாருக்கும் அது தெரியாது.

அந்த மணிக்கணக்கை எழுதி வந்தவள் வெட்டும் அறையில் இருந்த ஒரு பெண். டிப்ளமோ படித்தவள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, அடுக்குகளுக்கு நடுவில், துணியோடு ஒட்டி வரும் மெழுகுத்தாளின் சிறு துண்டு மாட்டியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு, ஒரு நாள் வேலை முழுவதையும் நிறுத்திவிட்டாள். பிரித்துப் பார்த்தால் துண்டு இருந்தது. நண்பன் எல்லோரையும் கூட்டி, அவளை முன்னால் நிறுத்தி நன்றி சொன்னான். தப்பு என்று தோன்றினால் வேலையை நிறுத்த இங்கே யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்றான். அன்று அவனுக்குக் கீழே வேலை செய்வதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. திங்கள் காலையில் குளிர் அறையைத் திறந்த அந்தப் பெண்தான் எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். வெப்பநிலை வரைபடத்தில் கோடு மேலே ஏறிப் போயிருந்தது. அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம். கணக்குப் போட்டதில், புதிய சுருள்கள் தப்பித்தன. ஏற்கெனவே பாதி வெட்டிய நான்கு சுருள்களுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. சிவப்பு அட்டை கட்டினேன். ஒதுக்கி வைக்கும்படி அவனே சொன்னான். பலகைகள் தாமதமாகும் என்று வாங்கும் நிறுவனத்திடம் தான் பேசிக்கொள்வதாகவும் சொன்னான்.

அதே வாரம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். இரண்டாம் நாள் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கல்லூரி நாட்களில் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அம்மா அவன் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது படிக்கட்டுப் பக்கம் நின்று கேட்டான்:

"அந்தச் சுருளத் தொட்டா இன்னும் ஒட்டுதாலே?"

"ஒட்டத்தான் செய்யும். ஆனா அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உள்ள பிசின் முத்தியிருக்கும்."

"அதுஞ்சரிதான். நீ பைய வா. அங்கன ஒண்ணும் அவசரம் இல்ல."

இப்படி ஒரு நண்பனும் மேலதிகாரியும் ஒரே ஆளாகக் கிடைப்பது எத்தனை பேருக்கு அமையும் என்று நினைத்துக்கொண்டே வார்டுக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை வேலைக்குப் போனால் ஒதுக்கி வைத்த அலமாரி காலியாகக் கிடந்தது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"தலைவர் சார் ஆஸ்பத்திரிக்குப் போயி உங்கள்ட்ட கேட்டுட்டு வந்தேன்னு சொன்னாவ, சார். ஒட்டும்னு நீங்க சொன்னதாச் சொன்னாவ. அதான் வெட்டுனோம்."

என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. நான் எழுதித் தரவில்லையே என்று அவள் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு ஆபரேஷன் நடக்கிற நேரத்தில் அவனைப் போய் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும், வந்ததும் எழுதித் தருவான் என்று நண்பன் பதில் சொல்லியிருக்கிறான்.

பலகைகள் வெந்து, பளபளவென்று வரிசையாக நின்றன. அவற்றோடு சேர்த்து வேகவைத்த சோதனைத் துண்டுகளை எடுத்துப் போய் இயந்திரத்தில் வைத்து வளைத்தேன். முதல் துண்டு, தாங்க வேண்டிய சுமைக்கு முன்னாலேயே 'டிக்' என்று அடுக்கு விட்டது. அடுத்த இரண்டும் அப்படியே.

தாளை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். அவன் கோபப்படவில்லை. குறைவது கொஞ்சம்தான், அது விமானத்தைத் தாங்கும் பாகமும் இல்லை, வடிவமைத்தவர்கள் தேவைக்குமேல் பலம் விட்டுத்தான் வைத்திருப்பார்கள் என்று பொறுமையாக விளக்கினான். பெங்களூரில் புதிதாக வருகிறவர்களுக்கு, அந்த அதிகப்படியான பலத்தில் கைவைக்க நமக்கு உரிமை கிடையாது என்று சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். அதை நான் நினைவுபடுத்தவில்லை. எனக்கு வேறொன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"நீ ஆஸ்பத்திரிக்கு எதுக்குலே வந்த?"

"அம்மாவப் பாக்கத்தான் வந்தேன்" என்றான்.

அது உண்மையாகவும் இருக்கலாம். அந்தக் கேள்வி படிக்கட்டில் நிற்கும்போதுதான் அவனுக்குத் தோன்றியிருக்கலாம். கேட்பதற்கென்றே வந்தானா, வந்த இடத்தில் தோன்றியதா, இரண்டில் எது மேல் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திங்களன்று இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாம் என்றான். திங்களன்று கணினியில் பார்த்தபோது, அட்டைகளை அவிழ்க்கச் சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. காரணம்: வாய்மொழி ஒப்புதல். எந்தப் பலகையும் ஆலையை விட்டுப் போகவில்லை. போக இரண்டு நாள்தான் பாக்கி. வரைபடத்தையும் சோதனை முடிவுகளையும் சேர்த்து, வாங்கும் நிறுவனத்தின் தர அதிகாரிக்கு எழுதினேன். அவனிடம் சொல்லாமல் அனுப்பினேன். சொல்லியிருந்தால் அம்மாவின் பெயரைச் சொல்லியாவது என்னைத் தடுத்துவிடுவான் என்று பயமாக இருந்தது.

அந்த நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். நான் வாய்மொழியாக ஒப்புக்கொண்டேன் என்று நண்பன் அவர்களிடம் நிதானமாகச் சொன்னான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் வேலை அவன் கையில். அவள் என்ன சொன்னாலும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்தேன்.

"இந்தச் சார் சொன்னதாத் தலைவர் சார் எங்கள்ட்ட சொன்னாவ. இந்தச் சார் எங்கள்ட்ட சொல்லல" என்றாள். கூடவே, "எழுத்து இல்லாம அட்டைய அவுத்தது எந் தப்பு" என்றாள்.

அப்படி யாரும் அவளைக் கேட்கவில்லை. நண்பன் அதற்கு 'ஆமாம்' என்று தலையசைத்தான். என் பெயரைப் போட்டதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேனோ என்னவோ. வேலையை நிறுத்தியதற்காகத் தானே மேடையேற்றிய பெண்ணின் தலையில் பழி விழும்போது அவன் தலையசைத்தானே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

பலகைகள் எல்லாவற்றையும் நிராகரித்து, அறுத்துப் போட்டார்கள். ஒன்றும் பறக்கவில்லை. அறிக்கையில் 'நடைமுறைத் தவறு' என்று எழுதி முடித்தார்கள். அவளைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதை ரத்துசெய்யும்படி கேட்கத்தான் அவன் அறைக்குள் கடைசியாகப் போனேன். ஏதாவது நடவடிக்கை எடுத்ததாகக் காட்ட வேண்டியிருக்கிறது என்றான். மறுநாள் விலகல் கடிதம் கொடுத்தேன். அவள் சில மாதத்தில் ஓசூரில் வேறோர் ஆலைக்குப் போய், இப்போது பரிசோதகராக இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் பேசுவாள். நான் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கட்டடக் கம்பிகளைச் சோதிக்கிறேன். அவன் இதைவிடப் பெரிய ஆலைக்குத் தலைவனாகிவிட்டான்.

போன தை மாதம் வகுப்புத் தோழன் ஒருவனுடைய மகள் கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். நேரே என்னிடம் வந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது.

"எழுதுததுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லே. இத்தன வருஷப் பழக்கம். நீ இப்படிச் செய்வேன்னு நான் நெனக்கவே இல்ல."

அவன் நடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. துரோகம் செய்தவன் நான்தான் என்று முழு மனதோடு நம்புகிறான்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவன் முன்னால் போய் உட்கார்ந்து, பக்கத்து இலைக்கு முன்னால் கைக்குட்டையைப் போட்டு எனக்கு இடம் பிடித்துவைத்தான். நான் கை கழுவப் போவதுபோல் வெளியே வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.