கண்டக்டர் பச்சியப்பனும் ஒரு டாக்டர் பட்டமும்

காரிமங்கலத்தில் குடை ரிப்பேர் செய்யும் உசேன் பாயின் மகள் ஷரீபுன்னிசா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போனார். ஊர் அதைப் பெரிய மனதோடு மன்னித்தது. பிறகு டில்லிக்குப் போய் மேற்படிப்பும் முடித்து வந்தார், அதையும் பொறுத்துக்கொண்டது. நோயாளிகள் யார் சொல்லைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கப் போவதாக அவர் எழுபத்து மூன்றில் அறிவித்தபோதுதான் ஊருக்குக் கவலை வந்தது. நர்சுகள் எல்லாம் டாக்டராகிவிட்டால் ஊசி போடுவது யார்? நியாயமான கேள்விதான்.

நர்சிங்கில் அப்படியொரு பட்டம் தர அந்தப் பல்கலைக்கழகத்தில் வழியில்லை. சமூகவியல் பேராசிரியர் ஒருவர் மனமிரங்கித் தம் துறையில் இடம் கொடுத்தார். கிராமங்களைப் பற்றி நிறையப் படித்தவர். அங்கே நேரில் போய் அந்த அறிவைக் கெடுத்துக்கொள்ள விரும்பாதவர். 'கிராமப்புற சுகாதாரத் தலைமை' என்ற தலைப்பும், வீடு வீடாகக் கேட்க வேண்டிய கேள்வியும் அவர் உபயம்: "நோய் வந்தால் யாருடைய சொல்லைத் தலைமையாக ஏற்கிறீர்கள்?"

மற்ற கிராமங்கள் அடக்கமாக வாத்தியாரையோ மருத்துவச்சியையோ சொல்லிவிட்டன. கடைசியாக மிஞ்சியது மூக்கனஅள்ளி. அந்த ஊரும் முடிந்தால்தான் ஆய்வேடு முழுமை பெறும், ஆராய்ச்சிக்காக அவர் எடுத்திருந்த விடுமுறையோ முடியப்போகிறது.

மூக்கனஅள்ளியின் பஞ்சாயத்துத் தலைவர் மாதையன், கேள்வியில் 'தலைமை' என்ற சொல்லைக் கண்டதுமே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"தலைவர்னு நான் இருக்கறப்ப இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குதுங்க நர்சம்மா? இருந்தாலும் சட்டப்படி நடக்கட்டும். வாங்க, நானே கூட வர்றேன்."

கூடவே வந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஷரீபுன்னிசா கேள்வியைப் படிப்பார், மாதையன் மீசையைத் தடவுவார், வீட்டுக்காரர்கள் "தலைவருங்க" என்பார்கள். உலகத்தில் எந்தத் தேர்தலும் இவ்வளவு அமைதியாக நடந்ததில்லை.

மாதையன் சாப்பிடப் போன நேரத்தில் பெரியம்மாள் என்ற பெண் தன் வீட்டுக்குள்ளிருந்து கையசைத்தாள்.

"அந்தப் பேரை அடிச்சிடுங்க நர்சம்மா. அவரு எதிர்ல நின்னா வேற என்னத்தச் சொல்றது? போன மாசம் எங்க வூட்டுக்காரருக்கு வயித்துவலின்னு இவருகிட்ட போனோம். மனு எழுதிக் குடுங்கன்னாரு."

"அப்புறம் யாரு சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"

"கண்டக்டருங்க. பச்சியப்பன்."

எதிர்வீட்டிலும் பச்சியப்பன். அடுத்த தெருவிலும் அவரே. அந்த ஊருக்கு வந்துபோகும் ஒரே தனியார் பஸ்ஸின் கண்டக்டர். காய்ச்சல்காரர் யார் வந்தாலும் படிக்கட்டிலேயே நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்வார். "வெறும் சூடுப்பா, மோரு குடி" என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியது. "ஏறு" என்றால் ஏற வேண்டியது. பஸ் வழக்கமான பாதையை விட்டு நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும். வயிற்றுவலிக்காரரை அப்படித்தான் ஏற்றினார்.

ஷரீபுன்னிசா மறுநாள் அதே பஸ்ஸில் ஏறி பச்சியப்பனைப் பிடித்தார்.

"நீங்க டாக்டரா என்ன, தப்பா சொல்லிட்டா?"

"சந்தேகம்னா ஏத்திக்குவேங்க. ஏத்தினதுனால இதுவரைக்கும் யாருக்கும் எதுவும் ஆவல. டிக்கெட் வாங்கிக்குங்க."

"உங்க பேரை என் ஆராய்ச்சியில எழுதப்போறேன். இந்த ஊருக்குச் சுகாதாரத் தலைவர் நீங்கதான்."

பச்சியப்பன் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். "வேணாங்க நர்சம்மா. ரூட்டை வுட்டு வண்டி திருப்பறது முதலாளிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே என்னை எறக்கி வுட்டுருவாரு. எம் பொழப்புல மண்ணைப் போட்டுத்தான் நீங்க பட்டம் வாங்கணுமா?"

மாதையனின் பெயரை எழுதினால் பட்டம் சுலபமாகக் கிடைக்கும், ஆராய்ச்சி பொய்யாகும். உண்மையை எழுதினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். ஷரீபுன்னிசா பேராசிரியரிடமே போனார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "கண்டக்டரா? தலைமைக் கோட்பாட்டில் கண்டக்டரே கிடையாதேம்மா. தலைவர் என்பவர் ஊரில் குடியிருக்க வேண்டும். பேசாமல் அந்தப் பஞ்சாயத்துத் தலைவரையே போட்டுவிடு. அவர் புத்தகத்துக்குப் பொருத்தமானவர்."

"அவர் பெயரைப் போட மாட்டேன் சார். அதற்குப் பட்டமே வேண்டாம்," என்று எழுந்துவிட்டார் ஷரீபுன்னிசா. கதவு வரை போனவருக்கு ஒரு யோசனை தோன்றியது. திரும்பி வந்து கேட்டார்: "'போக்குவரத்து சார்ந்த கருத்துத் தலைமை' என்று எழுதினால்?"

பேராசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்தச் சொற்றொடரை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். கண்டக்டராக இருந்தபோது கேலிக்கூத்தாகத் தெரிந்த சங்கதி, இப்போது கோட்பாடாகியிருந்தது. "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே," என்றார்.

எழுபத்தேழில் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டில் பச்சியப்பனின் பெயரோ, பஸ்ஸின் பெயரோ இல்லை. ஆனால் மூக்கனஅள்ளி பற்றிய பக்கத்தை வாத்தியாரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட மாதையன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஊருக்கு ரோடு போட்டது யாரு? நானு. அப்ப போக்குவரத்துன்னா யாரு?"

யாரும் மறுக்கவில்லை. தன்னைக் கண்டுபிடித்த டாக்டரம்மாவுக்கு மாதையன் காரிமங்கலத்தில் ஒரு பாராட்டு விழா எடுத்தார். சந்தை நாள், மூக்கனஅள்ளியே வந்து உட்கார்ந்திருந்தது. பேராசிரியரும் மேடையில் இருந்தார். ஷரீபுன்னிசாவுக்கு ஒரு மாலை போட்டுவிட்டு, தனக்கு மூன்று மாலை போட்டுக்கொண்டு, மாதையன் சுகாதாரத்தில் தம் பங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வெயில் சாய்ந்தும் பேச்சு சாயவில்லை.

பந்தலுக்கு வெளியே ஒரு விசில் கேட்டது. ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ்.

மூக்கனஅள்ளி மொத்தமும் ஒரே ஆளாக எழுந்தது. பெரியம்மாள் சந்தைக் கூடையைத் தலையில் வைத்தாள். இரண்டாவது விசிலுக்குப் பந்தலில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. மூன்றாவது விசிலுக்கு மாதையனே, பாதி வாக்கியத்தை மைக்கிடம் விட்டுவிட்டு, மாலைகளைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"யாரம்மா அது விசில் அடித்தது?" என்றார் பேராசிரியர், காலி நாற்காலிகளைப் பார்த்து.

"போக்குவரத்துங்க சார்," என்றார் டாக்டர் ஷரீபுன்னிசா.