கேள்வி வராத படிவம்

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருபத்தாறு வருடம் ஓட்டியிருக்கிறேன். கஸ்டம்ஸுக்குப் போகும் காகிதத்தில் ஒரு கேள்வி வந்துவிட்டால் கண்டெய்னர் வெயிலில் காயும், சரக்குக்குச் சொந்தக்காரப் பார்ட்டி போனில் கத்துவார். அதனால் அதிகாரி மறுமுறை திரும்பிப் பார்க்காதபடி படிவம் எழுதுவதில் நான் பெரிய கில்லாடி. இந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

மனைவிக்குக் கணையத்தில் புற்றுநோய். ஊசி மருந்து ஒரு சுற்று முடிந்ததும் மாத்திரை கொடுத்து, ஒன்றரை மாதம் கழித்து வரச் சொன்னார்கள். நடுவில் திங்கள்தோறும் என் போனுக்கு ஒரு படிவம் வரும். வலி, வாந்தி, பசி, தூக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும். பத்து என்றால் தாங்க முடியாதது. முத்தையாபுரம் வீட்டில் அவள் கட்டிலில் படுத்தபடி சொல்வாள், நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டுவேன்.

"வலி எட்டு."

எட்டா! என் விரல் அப்படியே நின்றது. எட்டு என்று போட்டால் நர்ஸ் கூப்பிடுவார், ஸ்கேன் என்பார்கள், மாத்திரையை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். நல்லபடியாகப் போகிற காரியத்துக்கு நாமே கட்டையைப் போடுவானேன்? நான்கு என்று தட்டினேன். வாந்திக்கு ஆறு சொன்னாள், இரண்டு போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கேள்வி இல்லை. எனக்கு ஒரே பெருமை.

நான்கு வாரம் இப்படியே போயிற்று. ஐந்தாம் திங்கட்கிழமை நான் போனை எடுத்ததும், "அஞ்சுன்னு போடுங்க" என்றாள்.

"ஏளா, வலி குறைஞ்சிட்டா?"

"எங்க குறைஞ்சுது? நானும் வாரா வாரம் எட்டுன்னுதான் சொல்லுதேன், ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேக்கல. அப்போ இந்த நோவுக்கு இம்புட்டு வலி இருக்கத்தான் செய்யும் போல. நான்தான் பெருசாச் சொல்லுதேனோ என்னவோ."

தலையணையை வயிற்றோடு அணைத்து, காலை முடக்கிப் படுத்திருந்தாள். எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "போனை இங்கன தாங்க" என்று வாங்கி, ஒற்றை விரலால் தானே எண்களைப் போட்டாள்.

அரை மணி நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டார். டாக்டரைக் கேட்டு வலி மருந்தைக் கூட்டினார்கள், வாந்திக்கு வேறு மாத்திரை எழுதினார்கள். புதன்கிழமை மதியம் அரைத் தட்டு ரசஞ்சாதம் சாப்பிட்டாள். ஒரு மாதத்துக்கு முன்பே சாப்பிட்டிருக்க வேண்டிய சாதம். என்னை மாதிரி ஒரு மடையன் உண்டா?

அடுத்த முறை நேரில் போனபோது டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். திரையில் நான்கு வாரம் படுத்துக் கிடந்த வலிக்கோடு ஐந்தாம் வாரம் விருட்டென்று மேலே ஏறியிருந்தது.

"அஞ்சாவது வாரம் திடீர்னு என்னம்மா ஆச்சு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் ஆகல டாக்டர்," என்றாள் அவள். "அந்த வாரம் நான் எழுதுனேன்."