ரீவொர்க்குக்குப் போன யானை

எங்கள் கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டு ஒரு சீனியருடையது. ஓசூர் குளிருக்குக் காதை மூடிய மஃப்ளர், ஞாயிற்றுக்கிழமை சந்தையில்கூடக் கழற்றாத ஐடி கார்டு. குவாலிட்டி செக்‌ஷனில் வேலை. பஸ்ஸில் யார் கதை சொன்னாலும், பாகங்களைச் சோதிப்பதுபோலக் கேட்டுவிட்டு "ஓகே" அல்லது "ரிஜெக்ட்" என்பார். ஒருவர் மாமியார் இறந்ததைச் சொன்னபோது, "அழுகை அதிகம்பா, ரிஜெக்ட்" என்றார்.

அதிகம் பேசாத நான் ஒருநாள் துணிந்து என் கதையைச் சொன்னேன். அஞ்செட்டியில் பஸ்ஸைத் தவறவிட்டு ஊருக்கு நடந்தபோது, வளைவில் யானை நின்றது. நான் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். அது போய்விட்டது.

"உன் யானை ரொம்ப லேட்டா வருதுப்பா. வந்தும் ஒண்ணும் பண்ணல. ரீவொர்க், சரிபண்ணி எடுத்துட்டு வா" என்றார். பஸ்ஸே சிரித்தது.

அடுத்த மாதம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் அஞ்செட்டியில் தனக்கு நடந்ததாக ஒன்று சொன்னார். எடுத்த எடுப்பிலேயே யானை வந்து, தும்பிக்கையால் அவர் சட்டையைப் பிடித்தது. புளியமரம் மட்டும் அப்படியே இருந்தது. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"அண்ணா, உங்களுக்கும் அஞ்செட்டிப் பக்கந்தானே? யானை பார்த்திருக்கீங்களா?" என்று பக்கத்திலிருந்த புது ஆள் என்னைக் கேட்டார்.

"இல்லப்பா" என்றேன்.

மரத்துக்குப் பின்னால் நின்றவன் நான்தான். ஆனால் அவர் சொன்னபோதுதான் எனக்கே உடம்பு நடுங்கியது.