விளையாடத் தெரியாதவள் கேட்கும் விளையாட்டு

டென்மார்க்கில் பேருந்தில் சிரிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் காலைப் பேருந்தில், எல்லோரும் ஈரக் கோட்டுகளோடு யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில், ஒரு பெண் தனியே வாய்விட்டுச் சிரித்தால் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். போன பனிக்காலத்தில் ஒருநாள் நான் அப்படிச் சிரித்தேன். அடக்கிப் பார்த்தும் முடியவில்லை, கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே இருந்த பெண்மணி குனிந்து, ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டு, எனக்குத் தெரிந்த டேனிஷில் உள்ளதைச் சொன்னேன்: "என்னுடைய நண்பன் பாலத்தில் மறுபடியும் இறந்துபோனான்." அவர் என் கண்ணீரைப் பார்த்தார். என் கையை மெல்லத் தொட்டு, "கொண்டொலேரர்" என்றார். துக்கம் விசாரிக்கிறபோது சொல்லும் சொல் அது. நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் அவருடைய தரிப்பிடம் வந்துவிட்டது. இறங்கிய பிறகும் வெளியே நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

செத்துப்போனவன் கொழும்பு, கொட்டாஞ்சேனை அன்ரன். ஆள் நல்ல சுகமாக இருக்கிறான். ஒரு வீடியோ கேமில், ஒரு பாலத்தைக் காக்கும் மிருகத்திடம் கிழமைக்கணக்காக அடிவாங்கிச் செத்துக்கொண்டிருந்தான். அவனும் வெள்ளவத்தை மைதிலியும் சேர்ந்து 'இன்னொருக்கா' என்று ஒரு பொட்காஸ்ட் செய்கிறார்கள். பகலில் அவன் ஒரு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன், அவள் வங்கியில் வேலை. ஞாயிறு வந்தால் அன்ரன் வீட்டு மேல்மாடி அறையில் ஒரு மைக்கை நடுவில் வைத்துவிட்டு, அந்தக் கிழமை என்ன விளையாடினார்கள், எங்கே செத்தார்கள், யாருடைய பிழை என்று அடிபடுவார்கள். விளையாட்டில் தோற்றவுடன் வாயில் வருகிற சொல்தான் பெயர். இன்னொருக்கா!

அந்தப் பொட்காஸ்ட்டை நான் கண்டுபிடித்தது தற்செயலாக. என் கணவருக்குக் கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளில் வேலை. போனால் கிழமைகள் கழித்துத்தான் கரைக்கு வருவார். எங்கள் சிறிய ஊரில் தமிழ் கேட்பதென்றால் தொலைபேசிதான். அதில் வருகிற தமிழோ யாருக்குக் கலியாணம் சரிவந்தது, யாருக்கு விசா சரிவரவில்லை என்பதோடு முடிந்துவிடும். ஏதாவது கேட்போம் என்று தேடியபோது ஒரு பெண்குரல் காதுக்குள் கத்தியது: "நீ அதின்ர வாலை ஏன்டா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஓடு!" அதற்கு ஒரு ஆண்குரல் ஆறுதலாகச் சொன்னது: "பொறடி, ஆக்களுக்கு விளங்க வேணுமெல்லோ. அந்த வால் எவ்வளவு பெரிசு எண்டா, காலி வீதிக்குக் குறுக்க போட்டா பம்பலப்பிட்டி பஸ் எல்லாம் நிண்டிடும்." நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுவதை நிறுத்திவிட்டேன். அந்த வால் எனக்குத் தெரிந்தது! கொழும்பில், காலி வீதியில், நான் வளர்ந்த ஒழுங்கை முகப்பிலிருந்த மருந்துக்கடை வாசலில், செதில் செதிலாகக் கிடந்தது.

நான் வேலை செய்வது காது கேளாதவர்களுக்கான கருவிகள் செய்கிற பட்டறையில். ஒவ்வொருவருடைய காதுக்கும் அச்சு வார்த்து, அது உறுத்தாமல் உட்காரும்வரை தேய்த்து மினுக்க வேண்டும். பக்கத்து மேசை பிர்கிட்டுக்கு என் சிரிப்பின் காரணம் அறிய ஆசை. வீடியோ கேம் பற்றிய பொட்காஸ்ட் என்று சொன்னதும், தன் மகன் கேட்பதென்று டேனிஷில் ஒன்றை எடுத்துத் தந்தாள். கேட்டேன். அருமையான ஒலி. மூச்சு விடுவது கூடக் கேட்காது. ஒருவர் சொல்லி முடித்து, சின்ன இடைவெளி விட்டு, மற்றவர் தொடங்குவார். வெதுப்பகத்தில் பாண் வாங்கக்கூட இலக்கத் துண்டு எடுத்துவிட்டுக் காத்து நிற்கிற ஊரல்லவா, பேச்சிலும் அந்த ஒழுங்கு. படம் எப்படி, இசை எப்படி, விலைக்குத் தகுமா, பத்துக்கு எத்தனை புள்ளி. எல்லாம் சொன்னார்கள், அவர்களுக்கு அந்த விளையாட்டுக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் நித்திரையாகிவிட்டேன். மறுநாள் பிர்கிட் கேட்டாள், பிடித்ததா என்று. "மிகவும் அமைதியாக இருந்தது" என்றேன். அவள் மகிழ்ந்துபோனாள். இங்கே அது பெரிய பாராட்டு.

பிறகு கோடை தொடங்குகிற நேரத்தில் 'இன்னொருக்கா'வுக்கு என்னவோ நடந்தது. ஒரு வியாழக்கிழமை புது அத்தியாயம் வந்தது, இசை மாறியிருந்தது. "வணக்கம் நேயர்களே, இன்றைய நிகழ்ச்சியில் நாம் அலசவிருப்பது..." என்று அன்ரன் தொடங்கினான். அன்ரனா? அலசவிருப்பதா? பின்னால் ஓட்டோ சத்தம் இல்லை, கீழ்வீட்டு நாய் இல்லை. மைதிலி குறுக்கே பேசவே இல்லை. வாடகைக்கு ஒரு ஸ்டூடியோ பிடித்திருக்கிறார்கள், எழுதிவைத்து வாசிக்கிறார்கள். கடைசியில் பத்துக்கு எட்டு என்று புள்ளியும் போட்டார்கள். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததின் முடிவில் மைதிலி, கேட்கிறவர்கள் குறைந்துகொண்டு போவதால் இத்தோடு நிறுத்தலாமென்று யோசிப்பதாக, அதையும் எழுதிவைத்து வாசித்தாள்.

பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று அதைக் கேட்டேன். காற்று கோட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது. அந்த இடத்திலேயே தொலைபேசியை வாயருகே பிடித்து, ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவர்கள் சொல்கிற இலக்கத்துக்குக் குரல் செய்தி அனுப்பினேன். என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. எனக்குப் புள்ளி வேண்டாம், நீங்கள் செத்த கதைதான் வேண்டும் என்றேன். மைதிலி, நீ அவனைப் பேசவிடாதே என்றேன். இரண்டு பேரும் ஒத்துப்போகாத விளையாட்டு வந்த கிழமைகள்தான் நல்ல கிழமைகள் என்றேன். பேருந்து வந்தது, ஏறவில்லை. இன்னும் சொல்லக் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து மைதிலி அழைத்தாள்.

"சுபா அக்காவா? உங்கட மெசேஜைக் கேட்டிட்டு நானும் அன்ரனும் நல்லாச் சண்டை பிடிச்சனாங்கள்."

"ஐயோ, ஏன்?"

"அவன் நீங்க சொன்னது சரி எண்டுறான். அதைத்தானே நான் முதலே சொன்னனான், அவன் கேக்கேல்ல! சரி, அதை விடுங்கோ. நீங்க என்ன கேம் விளையாடுறனீங்கள்?"

"நான் ஒண்டும் விளையாடுறேல்ல, மைதிலி."

"ஒண்டுமே?"

"போனில கூட இல்லை."

உண்மையாகவே அறிய விரும்புகிற குரலில் கேட்டாள்: "அப்ப ஏன் அக்கா எங்களைக் கேக்கிறீங்கள்?"

அவளுக்கு என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்தோம். ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி அதிரும். கூடத்தில் ஒரே கணினி, ஒரே கதிரை, ஒரு கட்டில். தம்பி விளையாடுவான், நான் அவனுக்குப் பின்னால் கட்டில் விளிம்பில் பாடப்புத்தகத்தோடு இருப்பேன். அவன் எனக்கு விளையாடத் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு அந்தப் பின்னிருக்கைதான் பிடித்திருந்தது. "வலப்பக்கம் ஒரு கதவு கிடக்குதடா" என்பேன். "தெரியும், நீ படி" என்பான், பிறகு அந்தக் கதவுக்குள் போவான். வென்றால் இருவரும் துள்ளுவோம். கீழ்மாடியில் இருந்து கூட்டுகிற தும்புத்தடியால் முகட்டில் தட்டுவார்கள். அவன் இப்போது அவுஸ்திரேலியாவில். அவன் எழும்புகிற நேரம் நான் படுக்கிற நேரம். "உங்களைக் கேக்கேக்க எனக்கு அந்தக் கட்டில் விளிம்பில இருக்கிற மாதிரி" என்றேன். "ஆரோ விளையாடுகினம், நான் பின்னால இருக்கிறன். எனக்குக் காட்டுற மாதிரிக் கதைச்சாக் காணும்."

"நீங்க எப்ப கொழும்புக்கு வாறீங்கள்?" என்றாள் மைதிலி.

ஆகஸ்ட்டில் மச்சாள் ஒருத்தியின் கலியாணம் இருந்தது. கலியாணம் முடிந்த கையோடு, ஞாயிறு பின்னேரம், கையில் மருதாணி காயாத குறையாகக் கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ பிடித்தேன். மைதிலி நான் நினைத்ததைவிடக் குள்ளம். அன்ரன் நினைத்ததைவிட வெட்கப்படுகிறவன். குரல் மட்டும் தெரிந்த இருவருக்கு முகம் இருப்பது முதலில் தொந்தரவாகத்தான் இருந்தது. கண்ணை மூடினால் சரியாகிவிட்டது. ஸ்டூடியோ போய், பழைய மேல்மாடி அறை திரும்பியிருந்தது. மின்விசிறி, நடுவில் மைக், யன்னலுக்குக் கீழே முழுத் தெருவும். அன்ரனின் அம்மா மீன் வைத்துச் சுட்ட மாலு பாண் ஒரு தட்டோடு வந்து, மைக்குக்குக் கிட்டே குனிந்து, "இது இப்ப எல்லாருக்கும் கேக்குதோ?" என்று கேட்டார். "இல்லையம்மா, பிறகுதான்" என்றான். "அப்ப பிறகு சொல்லுங்கோ, மாலு பாண் நான் செய்தது, கடையில வாங்கினதில்லை எண்டு."

திட்டம் இதுதான்: மைதிலி விளையாடுவாள், அன்ரன் வாயைத் திறக்கக் கூடாது, கேட்கிறவர்களுக்கு என்ன நடக்கிறதென்று நான் சொல்ல வேண்டும். புயலில் மாட்டிய மீன்பிடிப் படகைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிற விளையாட்டு. மூவருமே முன்பு பார்த்திராதது. முதல் அலை வந்தது. "ஐயோ, மைதிலி, இது அலையில்லை, இது மூண்டு மாடி!" என்றேன். அதன் பிறகு என்னை யாரும் நிறுத்த முடியவில்லை. படகு முனகுகிற சத்தம், கரையில் தெரிகிற குடிசைகள், கறுத்துப் பூசணம் பிடித்த பாண் மாதிரி வானம், எல்லாம் வாயில் தானாக வந்தது. அன்ரன் பேச முடியாமல் தன் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தான். கீழிருந்து யாரோ சிங்களத்தில் கத்தினார்கள்: "மல்லி, சத்தே அடு கரன்ன!" சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான். "ஹரி அய்யே!", சரி அண்ணா, என்று அன்ரன் பதில் கத்தினான், வாயைத் திறக்கக் கூடாதென்ற சட்டம் அங்கேயே உடைந்தது. பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். என் உடம்பு முழுக்கச் சிரிப்பு ஏறியிருந்தது.

துறைமுக விளக்குத் தெரிந்தது. நான்தான் முதலில் கண்டேன். பாறைக்கு இந்தப் பக்கமாகத் திருப்பினால் போதும். கதிரையை விட்டு எழும்பி, கையை நீட்டி, முழுச் சத்தத்தில் சொன்னேன். மைதிலி திருப்பவில்லை. படகு பாறையில் மோதிச் சிதறியது.

"ஏன் திருப்பேல்ல? எவ்வளவு கத்தினனான்!" என்றேன்.

இருவரும் என்னையே பார்த்தார்கள். "அக்கா," என்றான் அன்ரன், "நீங்க என்ன சொன்னனீங்கள்?"

"இடப்பக்கம் எண்டனான்."

"இல்லை அக்கா." அவன் பதிவைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டான். ஓட்டோ சத்தத்துக்கும் மின்விசிறிக்கும் நடுவே என் குரல் கத்தியது: "வென்ஸ்த்ர! வென்ஸ்த்ர!"

டேனிஷில் இடப்பக்கம். நான் கார் ஓட்டப் பழகியது டென்மார்க்கில். பக்கத்தில் இருந்து ஆசிரியர் கத்தியதும் அந்த மொழியில்தான். மைதிலி சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் காது சுட்டது. அன்ரனிடம், அந்த இடத்தை வெட்டிவிடு என்றேன். "விசரே அக்கா? அதுதான் நல்ல இடம்" என்றான்.

அத்தியாயம் வெளிவந்தபோது நான் திரும்பி வந்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். கேட்கிறவர்கள் மறுபடி சேர்ந்துவிட்டார்கள், நிறுத்துகிற பேச்சு போய்விட்டது, மாதத்துக்கு ஒருமுறை நான் இங்கிருந்து பின்னிருக்கையில் இருப்பேன் என்றும் முடிவாகிவிட்டது. மதிய இடைவேளையில் பிர்கிட், தானும் கேட்கப்போவதாக அடம்பிடித்தாள். ஒரு சொல்லும் விளங்காதே என்றேன். பரவாயில்லையாம். ஆளுக்கொரு காதாக மாட்டிக்கொண்டோம். அவள் தன் கறுப்புப் பாணைக் கடித்தபடி, வானொலிச் செய்தி கேட்பவள் போல மரியாதையாக இருந்தாள். புயல் வந்தது, அவள் புருவம் அசையவில்லை. கீழ்வீட்டுக்காரர் கத்தினார், அசையவில்லை. பிறகு கொட்டாஞ்சேனையின் அத்தனை சத்தத்தையும் பிளந்துகொண்டு நான் "வென்ஸ்த்ர!" என்று கத்தினேன்.

பிர்கிட் சட்டென்று இடப்பக்கம் திரும்பினாள். அங்கே யன்னல், வெளியே ஈரமான வாகனத் தரிப்பிடம். அவள் கண்ணைச் சுருக்கி எதையோ தேடினாள். நானும் அவளோடு சேர்ந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் காதுக்குள் மைதிலி, "எந்தப் பக்கம் அக்கா? எந்தப் பக்கம்?" என்று கேட்டபடி இருந்தாள்.