பௌர்ணமிக்கு ஒதுக்கிய பெஞ்சு

போன வாரம் மருமகள் போனிலேயே தோசை வரவழைத்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் வேர்க்கடலைச் சட்னி வாசனை கூடம் முழுக்கப் பரவியது. ஜெயாக்கா கடைச் சட்னிதான், எனக்குத் தெரியாதா. தின்று முடிப்பதற்குள் போன் கத்தியது. எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறதாம். "அஞ்சு போட்டுடவா அத்தே?" என்றாள். தலையை ஆட்டினேன். நான் வாய் திறந்து பேசுவது அவ்வளவுதான்.

ஜெயாக்காவிடம் வேலைக்குச் சேர்ந்ததே அந்தக் கூச்சத்தால்தான். அடுப்படியில் நின்றால் யாரோடும் பேச வேண்டாம், கடலையை வறுத்தால் போதும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே கூரை போட்ட டிபன் கடை. காலையில் முதல் இட்லியை அக்கா நின்றுகொண்டு தின்ன மாட்டாள். வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, இலை போட்டு, தானே தின்பாள். ஈ மொய்ப்பதும் பெஞ்சு ஆடுவதும் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும் என்பாள். ஒரு நாளும் விட்டதில்லை.

அப்போது பக்கத்திலேயே மின்விசிறி போட்ட ஓட்டல் ஒன்று வந்தது. ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். மாவு மிஞ்ச ஆரம்பித்தது. கடையை மூடினால் எங்கள் மூன்று பேர் வீட்டிலும் அடுப்பு எரியாது. விலையைக் குறைக்கலாம் என்றாள் மாவாட்டும் கஸ்தூரி. அக்கா கேட்கவில்லை. வழக்கமாக வருகிறவர் வராமல் போனால் வீடு தேடிப் போய் ஏன் என்று கேட்பது அவள் பழக்கம். அன்று சாயங்காலமும் புடவை மாற்றிக்கொண்டு, "வாடி, நீ சும்மா நின்னா போதும்" என்று என்னையும் இழுத்துப் போனாள். சும்மா நிற்பதில் நான் கெட்டிக்காரி.

ஆபீஸ் பியூன் கோவிந்தசாமி வீடு. கடை திறந்த நாளிலிருந்து சாப்பிட்டவர்.

"இன்னாங்க, ஆளையே காணோம்?"

"வயிறு சரியில்லம்மா."

"வயிறு சரியில்லாதவருதான் பக்கத்துக் கடையில பரோட்டா சாப்புடறீங்களா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்துவிட்டாள். அதற்கப்புறம்தான் மனிதர் மனசைத் திறந்தார். "கோச்சுக்காதீங்க. பௌர்ணமி வந்தா எங்கள யாருன்னே உங்களுக்குத் தெரியல. கையில தட்டோட நிக்கறோம், வெளியூர்க்காரங்களுக்கே ஊத்தறீங்க."

உண்மைதான். பௌர்ணமியன்று பஸ்களை எங்கள் பக்கமே நிறுத்திவிடுவார்கள். கிரிவலத்துக்கு வந்த சனம் மத்தியானத்திலிருந்தே கடையை மொய்க்கும். அந்த ஒரு நாள் வியாபாரம் எங்கள் கண்ணை மறைத்துவிட்டது. திரும்பும் வழியில், "மாசத்துல ஒரு நாள் வர்றவங்களுக்காக தெனம் வர்றவங்கள நிக்க வெச்சுட்டமேடி" என்றாள் அக்கா. மறுநாளே விட்டுப்போன ஒவ்வொருவருக்கும், பௌர்ணமிக்கு இடம் பிடித்து வைக்கிறேன், வாருங்கள் என்று சொல்லியனுப்பினாள்.

அடுத்த பௌர்ணமிக்குச் சுவரோரப் பெஞ்சில் ஈரத் துண்டை விரித்துவிட்டாள். ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் என்று. கூட்டம் நெருக்குகிறது, பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. ஒருத்தர் கோபமாக, "நாங்க குடுக்கறது காசில்லையா?" என்றார்.

"காசுதான் சாமி. அவங்க மழையிலயும் வந்து குடுத்தாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். பின்னாலேயே நாலு பேர் போனார்கள். கஸ்தூரி என்னைப் பார்த்தாள், நான் கடலையைப் பார்த்தேன். ஆபீஸ்காரர்கள் வராமலே போய்விட்டால்? ஆபீஸ் விட்டது. கோவிந்தசாமி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். "சட்னி கெட்டியா ஊத்தும்மா" என்றார், என்னிடம். கொஞ்சம் ஜாஸ்தியாகவே ஊற்றினேன்.

கடை நின்றது. வளர்ந்தது. இப்போது அக்கா மகள் பார்க்கிறாள். ஏசி போட்டிருக்கிறாள், ஊருக்குள் இன்னொரு கடையும் இருக்கிறது. சட்னி துளியும் மாறவில்லை, அதற்கே அந்தப் பெண்ணைக் கும்பிடலாம். அக்காதான் இல்லை.

முழங்கால் வலியால் நான் கடைப்பக்கம் போய் மாசக்கணக்காகிறது. அக்கா இருந்திருந்தால் இந்நேரம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னாடி, ஆளையே காணோம்?" என்று கேட்டிருப்பாள். எனக்குப் பேச வராதே என்று, சொல்ல வேண்டிய பதிலைக்கூட யோசித்து வைத்திருக்கிறேன்.