பாதையை மாற்றினால் சம்மதமா

அளவெடுக்க வந்தவர்கள் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது நான் பந்தலுக்கு அடியில் நின்று, கொடிகளின் பழைய கிளைகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். கூலிக்கு வந்திருந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். முக்காலியில் ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு ஒருவர், சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன். என்ன வேலை என்று விசாரித்ததற்கு, ரயில் லைனுக்கு சர்வே எடுப்பதாகச் சாதாரணமாகச் சொன்னார்கள். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிணற்றுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் ஒரு கல்லை ஊன்றி, அதன் தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள்.

அனுமந்தன்பட்டியில் எங்களுக்கு இருப்பது அந்த ஒரு தோட்டம்தான். தேனியோடு நிற்கிற ரயிலைக் கம்பம் வழியாக மலையடிவாரம் வரைக்கும் கொண்டுபோகப் போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் எங்கள் பக்கம் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு ரயில் வரும், போகும். இந்தத் தடவை மேடு கட்டி, பாலம் கட்டி, வேகமாக ஓடுகிற ரயில் என்றார்கள். ஆகிற செலவைக் கேட்டால் தலை சுற்றும் என்றார்கள். கல்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்த வருஷம் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கொடி நடுவதென்று முடிவு செய்திருந்தோம். கிணற்றையும் ஆழப்படுத்த வேண்டும். என் வீட்டுக்காரர் கொஞ்சம் பொறுப்போம் என்றார். ரயில் போகப்போகிற இடத்தில் கொடியை நட்டு, அது காய்க்கத் தொடங்கும்போது மண் அள்ளும் மெஷின் வந்து நின்றால் என்ன செய்வது? அவர் சொன்னதும் சரிதான். பேங்கில் போய்க் கேட்டோம். சர்வே நம்பரைப் பார்த்துவிட்டு, திட்டம் முடிவாகாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். விற்றுவிட்டு வேறு பக்கம் வாங்கலாமா என்று விசாரித்தால், ரயிலில் போகிற நிலத்தை யார் வாங்குவார்கள்?

ஆக, தோட்டத்தை எடுத்துக்கொள்ளவும் இல்லை, எங்களிடம் விட்டுவைக்கவும் இல்லை. பந்தலில் ஒரு கல்தூண் விரிசல் விட்டால் மறுநாளே ஆள் கூட்டி வந்து மாற்றுகிற மனுஷன் அவர். அந்த வருஷம் அறுந்த கம்பியை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டி வைத்தார். பந்தல் தொய்ந்தது. குனிந்து போகப் பழகிக்கொண்டோம்.

எனக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பி. சுருளிப்பட்டியில் அப்பாவுக்குப் பிறகு நிலத்தை அவன்தான் பார்க்கிறான். அங்கேயும் திராட்சைதான், வரப்போரம் தென்னை. ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தபோது எங்கள் தோட்டத்தில் கல் ஊன்றியதைச் சொல்லி அழாத குறையாகப் பேசினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ரயில் வருவது நல்லதுதானே என்றான். பழம் லாரியில் குலுங்கிக் குலுங்கிப் போய் நசுங்குகிறது, வியாபாரி வைத்ததுதான் விலை, ரயில் வந்தால் நாமே நேராக அனுப்பலாம் என்று அடுக்கினான். ரோட்டை அகலப்படுத்தினபோதும் இப்படித்தான் கத்தினார்கள், இப்போது எல்லாரும் அதில்தானே போகிறார்கள் என்றான். எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமல் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன். தூக்குவாளியில் கறியும் சோறும் போட்டு, பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாக என் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் கல் விழுந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தலைவர். மெயின் ரோட்டோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். ஆண்கள் காலையில் தோட்ட வேலையைப் பார்த்துவிட்டு வருவார்கள். அதுவரைக்கும் நாங்கள் பெண்கள்தான். ரோட்டில் போகிற சிலர் வண்டியை நிறுத்தி, உங்களால்தான் இந்தப் பக்கம் முன்னேறவில்லை என்று திட்டிவிட்டுப் போவார்கள். கம்பத்தில் நான் வழக்கமாகத் துணி எடுக்கிற கடையில், குழுவில் இருப்பது தெரிந்த பிறகு பழைய சிரிப்பு இல்லை. அவர்களுக்கு ரயில் வேண்டும். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் கடைக்கு நடுவில் யாரும் கல் ஊன்றவில்லை.

நான் கல்லூரியில் தமிழ் படித்தவள். மைக்கைப் பிடித்தால் நடுக்கம் இல்லை. அதனால் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தபோது, ஊர் சார்பில் என்னையே பேசச் சொன்னார்கள். மேடையில் மணமக்கள் நாற்காலி கிடக்கிற இடத்தில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் எங்கள் தோட்டத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. தேனியில் நிற்கிற ரயிலில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். எங்கள் ஊரில் ரோட்டுக்கு வந்து நின்றால் பஸ் வருகிறது. ராத்திரி நெஞ்சுவலி என்றால்தான் மதுரை வரைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இவ்வளவு செலவு செய்ய மனசிருந்தால் இங்கேயே பெரிய ஆஸ்பத்திரி கட்டலாம், பஸ்ஸைக் கூட்டலாம், ஆற்று வாய்க்காலைச் சரி செய்யலாம் என்றேன். நன்றாகக் கை தட்டினார்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி மரியாதையான மனிதர். முழுதும் கேட்டுவிட்டு, "பாதையை மாத்தினா உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "எங்களுக்கு ரயிலே வேண்டாங்கய்யா" என்று தொடங்கினேன். அதற்குள் தலைவர் எழுந்து வந்து, என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு, "மாத்திக் குடுத்தாப் போதும்" என்றார். கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். மறுநாள் பேப்பரில் வந்த போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறேன்.

திரும்பி வருகிற வழியில் அவரிடம் கேட்டேன். ரயிலே வேண்டாம் என்றால் நம்மை யாரும் மதிக்க மாட்டார்கள், நமக்கு வேண்டியது நம் நிலம், அதைக் காப்பாற்றிக்கொள்வோம் என்றார். பாதை எங்கே போகும் என்று கேட்டேன். கிழக்கே எவ்வளவோ நிலம் கிடக்கிறது என்றார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் செய்தி வந்தது. பாதை எங்கள் ஊரைத் தொடாமல், ஆற்றுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறதாம். ஊரில் வெடி போட்டார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்கே கம்பி வாங்கக் கிளம்பிவிட்டார். அவர் சீட்டியடித்துக்கொண்டு செருப்பு மாட்டியதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி போன் செய்தான். குரலில் கோபம் இல்லை.

"அக்கா, நம்ம தோட்டத்துல கல்லு ஊன்றாக" என்றான்.

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். எனக்கே அதற்குள் புரிந்துவிட்டது.

மறுநாள் சுருளிப்பட்டிக்குப் போனேன். கல் தென்னைகளுக்கு நடுவில் இருந்தது. பாதை அங்கிருந்து திராட்சைப் பந்தலைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, அவன் புதிதாகக் கட்டியிருந்த வீட்டின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு போகும் என்று கையால் காட்டினான். தம்பி பெண்டாட்டி என்னை வாங்க மதினி என்று கூப்பிட்டு, காப்பி கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போது தம்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தான். அங்கேயும் குழு அமைத்துவிட்டார்கள், அடுத்த மாதம் அவர்களுக்கும் கூட்டம் நடக்கப்போகிறது என்றான்.

"நீ அன்னைக்குப் பேசுனத போன்ல பாத்தேன்க்கா. எங்க அக்காதான்னு எல்லாத்துக்கும் காமிச்சேன். அதே பேச்ச இங்கன வந்து பேசு."

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு வருவதற்குள் எங்கள் ஊருக்குச் செய்தி வந்திருந்தது. தலைவரும் இன்னும் சிலரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். இந்தப் பாதையையும் எதிர்த்தால் அதிகாரிகள் பழைய பாதைக்கே திரும்பிவிடுவார்கள், எதிர்க்கிற ஆள் இந்த ஊர்க்காரியாக இருந்தால் கேட்கவே வேண்டாம் என்றார்கள். தம்பிக்கு வேறு வழியில் உதவி செய்யலாம், நஷ்ட ஈட்டை நல்லபடியாக வாங்கிக் கொடுக்க நாங்களும் வருகிறோம் என்று தலைவர் சொன்னார். முந்தின வருஷம் இதே வாயால் நஷ்ட ஈடு என்ற சொல்லைக் காதிலேயே வாங்க மாட்டேன் என்றவர் அவர்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். புதுக் கம்பி இழுத்து, புதுக் கொடி நட்டிருந்தார். கன்றுகள் அப்போதுதான் குச்சியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தன. போகவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "போயிட்டு வந்தா இந்த ஊர்லதான நாம இருக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சுருளிப்பட்டியிலிருந்து போன் வந்தால் தோட்டத்துக்குப் போய்ப் பேசுவேன். தோட்டத்தில் ஆள் இருந்தால் வீட்டுக்கு வருவேன். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எப்போதும்போலக் கேட்டார்கள், சாப்பிட்டாச்சா, மகள் எப்போது வருகிறாள் என்று. அதற்குப் பின்னால் ஒரு கேள்வி நிற்பது தெரியும். காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன். வரவில்லை.

போனேன். அங்கேயும் ஒரு மண்டபம்தான். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கிடம் போய் நின்றதும், பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி எழுந்தாள். என்னோடு பள்ளிக்கூடம் போனவள். அவள் நிலத்திலும் கல் விழுந்திருந்தது.

"உங்க ஊரவிட்டு இங்கன தள்ளிவிட்டீக. இப்ப என்ன பேச வந்த?" என்றாள்.

அவளை உட்காரச் சொல்லி யாரும் அதட்டவில்லை. தம்பி எழுந்து, எங்க அக்கா அப்படிக் கேட்கவில்லை என்று ஏதோ சொன்னான். சத்தத்தில் கேட்கவில்லை. நான் தயார் செய்து வந்திருந்த பேச்சு முழுவதும் மறந்துவிட்டது. அதே அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்திருக்கும்.

"அங்கனயும் வேண்டாம், இங்கனயும் வேண்டாம். ரயிலே வேண்டாங்கய்யா. அன்னைக்கே இதத்தான் சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். யாரும் கை தட்டவில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவின பிறகுதான் வாய் திறந்தார். "உன் தம்பிக்குப் பேசிட்ட. நம்ம தோட்டத்துக்கு யாரு பேசுறது?" என்றார். இரண்டுக்கும் சேர்த்துத்தான் பேசினேன் என்றேன். ரெண்டுக்கும் பேசினால் யாருக்கும் பேசவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கடைசியில் திட்டத்துக்காரர்கள் அறிவித்தது இதுதான்: இரண்டு வழியையும் மறுபடி ஆராய்வார்களாம், முடிவு தெரிகிற வரைக்கும் இரண்டு பக்கத்துக் கல்லும் அப்படியே இருக்குமாம். முடிவு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பி வீட்டுக்குப் பின்பக்கம் போட நினைத்த கொட்டகையைப் போடவில்லை. என் வீட்டுக்காரர் கிணறு வெட்டுகிறவர்களிடம் பேசி வைத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தலைவர் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார், நிற்பதில்லை. கவாத்துக்கு ஆள் கூப்பிட்டால், இந்த வாரம் முடியாதே என்கிறார்கள். சுருளிப்பட்டியில் அந்தப் பள்ளிக்கூடத்துத் தோழி வீட்டைத் தாண்டாமல் தம்பி வீட்டுக்குப் போக வழியில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடப்பேன்.

போன மாதம் சொந்தக்காரர் கல்யாணத்துக்காகத் தேனிக்குப் போனோம். கம்பத்தில் தம்பி ஏறி இடம் போட்டிருந்தான். எங்கள் ஊரில் நாங்கள் ஏறியதும் எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, அவனும் என் வீட்டுக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழையைப் பற்றி ஏதோ ஒரு வார்த்தை பேசினார்கள், அதோடு சரி. சின்னமனூர் தாண்டி ஒரு லாரி கவிழ்ந்து, முன்னேயும் பின்னேயும் வண்டிகள் நின்றுவிட்டன. முகூர்த்தம் கழிந்துகொண்டிருந்தது. வெயில் ஏறி, பஸ்ஸுக்குள் மூச்சு முட்டியது. பக்கத்து சீட்டில் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கூடையை ஈரத்துணியால் மூடிக்கொண்டே, "ரயிலு வந்துருந்தா இந்நேரம் போயிருக்கலாம்ல தாயி. எந்தப் புண்ணியவாளனோ வரவிடாமத் தடுத்துட்டான்" என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கூட்டத்தில் நகர முடியாமல் அவர்கள் இரண்டு பேரும் என் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் நகரவே இல்லை.