வெள்ளைக் கார்ப்பெட்டில் செம்மண் கால்

கறம்பக்குடி கடைத்தெருவில் காரை நிறுத்திவிட்டு, வெள்ளைக் கார்ப்பெட் ஒன்றைத் தடவிப் பார்க்கிறேன். மனைவிக்குச் சொல்லாமல் வாங்கிப் போய் ஹாலில் விரித்துவிடுவதாகத் திட்டம்.

"கையாலயா நடக்கப் போறீங்க?" என்கிறார் கடைக்கார அம்மா. அதே கார்ப்பெட்டில் வெட்டிய சின்னத் துண்டு ஒன்றைத் தரையில் போடுகிறார். "இதுல ஏறி நில்லுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறேன். காலையில் பெய்த மழையில் தெருவெல்லாம் சேறு; செருப்புக்குள்ளும் ஏறியிருக்கிறது. இறங்கிப் பார்த்தால் துண்டில் இரண்டு செம்மண் பாதங்கள்.

"வீட்டுல எத்தன பேருங்க?"

"நாலு பேர்."

அவர் அந்தப் பாதங்களையே பார்க்கிறார். நானாகவே செங்கல் நிறத்தில் ஒன்றைக் காட்டுகிறேன். சந்தோஷமாக எடுத்து விரிக்கிறார்.

"ஹாலு நீள அகலம் என்னங்க?"

இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டுகிறேன்.

அவர் கார்ப்பெட்டைத் திரும்பச் சுருட்டத் தொடங்குகிறார். "வீட்டுல சொல்லாமத்தான் வந்திருக்கீங்க, என்னங்க?"